ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் காம்ப்ளெக்ஸை செல்லுல இருந்து எடுத்துப் பார்க்க எது சரி: நாக்அவுட்டா, ஆர்என்ஏஐயா, இன்ஹிபிட்டரா, டெக்ரானா?

ஜீன் ரெகுலேஷன் பக்கம் பிஹெச்டி பண்ண வர்ற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்தே தீரும். மீடியேட்டரோ, டிஎஃப்டூடியோ, சாகாவோ, பாஃப்போ, கையில ஒரு காம்ப்ளெக்ஸ் (ஜீன்ல இருந்து ஆர்என்ஏ எழுதற டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குச் சேர்ந்து நிக்கிற புரோட்டீன் கூட்டம்) இருக்கு, அதுல ஒரு சப்யூனிட்டை, அதாவது ஒரு புரோட்டீனை எடுத்துட்டா எந்த ஜீன் படுத்துக்குது எது அசையாம இருக்குதுன்னு பார்க்கணும், ஆனா எடுக்கறதுக்கு நாலஞ்சு வழி இருக்கு (நாக்அவுட்னா ஜீனையே கெடுக்கறது, ஆர்என்ஏஐன்னா எம்ஆர்என்ஏவை அழிக்கறது, இன்ஹிபிட்டர்னா புரோட்டீனோட வேலையை மருந்தால அடைக்கறது, டெக்ரான்னா புரோட்டீன்ல ஒரு டேக் ஒட்டி மருந்து போட்டதும் புரோட்டீனையே அழிக்கறது), லேப்ல யாரோ ஒரு சீனியருக்கு அதுல ஒண்ணு நல்லா கைவந்திருக்கும், பெரும்பாலும் அதையே பிடிச்சுட்டு ஓடிடுவாங்க. தயவுசெஞ்சு அப்படி ஓடாதீங்க. எந்த வழியில எடுத்தீங்கங்கறதைப் பொறுத்து விடையே மாறிப்போன கதை இந்த ஃபீல்டுல நிறைய இருக்கு, அதுவும் ஃபீல்டையே முன்ன நின்னு நடத்துற லேப்கள்ல.

என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன். காம்ப்ளெக்ஸ் நேரடியா என்ன வேலை பண்ணுதுங்கறதுதான் உங்க கேள்வின்னா, டெக்ரான் போட்டு வேகமா எடுத்துட்டு, அந்த நேரத்துல புதுசா உருவாகுற ஆர்என்ஏவை மட்டும் அளக்கணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஆனா சில கேள்விகளுக்கு டெக்ரான் தப்பான கருவி, அதையும் கடைசி வரைக்கும் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

ஃபீல்டுக்குப் புதுசா வர்றவங்களுக்காக ரெண்டே வரில பின்னணி. எம்ஆர்என்ஏ எழுதற ஆர்என்ஏ பாலிமரேஸ் 2ங்கற என்சைமுக்கு 12 சப்யூனிட் இருந்தும் அதைத் தனியா விட்டா ப்ரோமோட்டர் (ஜீன் ஆரம்பிக்கிற இடம்) எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத் தெரியாது, போதாக்குறைக்கு டிஎன்ஏ 147 பேஸ் பேர் கணக்குல நியூக்ளியோசோம்கள்ல (ஹிஸ்டோன் புரோட்டீன் உருண்டைகள்) சுத்திக்கிட்டுக் கிடக்கு. அதனால ஸ்விஸ்னிஃப் குடும்பம் (மனுஷ செல்லுல பாஃப்) ஏடிபியைச் செலவழிச்சு நியூக்ளியோசோமை நகர்த்துது, சாகா ஹிஸ்டோன்ல அசிட்டைல் ஒட்டுது, டிஎஃப்டூடி டாட்டா பாக்ஸ்ங்கற டிஎன்ஏ எழுத்துக்கோர்வையைப் பிடிக்கிற டிபிபியைக் கொண்டுவந்து ப்ரோமோட்டர்ல உட்கார வைக்குது, டிஎஃப்டூஎச் ரெண்டு இழையையும் பிரிச்சு பாலிமரேஸோட வால்ல பாஸ்பேட் போடுது. இதுக்கெல்லாம் நடுவுல மீடியேட்டர், ஈஸ்ட்ல 25 சப்யூனிட், மனுஷ செல்லுல 30 வரைக்கும் போகும், எங்கேயோ தூரத்துல என்ஹான்சர்ல (ஜீனைத் தூண்டி விடற டிஎன்ஏ பகுதி) உட்கார்ந்திருக்கிற ஆக்டிவேட்டரோட செய்தியைப் பாலிமரேஸ் வரைக்கும் கொண்டு வர்றது இதுதான். மீடியேட்டரை முதல்ல பிடிச்ச லேப் ரோஜர் கோர்ன்பெர்க்கோடது, டிரான்ஸ்கிரிப்ஷன் எப்படி நடக்குதுன்னு காட்டினதுக்காக அவருக்கு 2006ல கெமிஸ்ட்ரி நோபல் கிடைச்சது.

இந்த வேலையெல்லாம் நிமிஷக் கணக்குல நடக்குது. ஆனா செல்லு தன்னைச் சரி பண்ணிக்கறதுக்கு சில மணி நேரம் போதும். பிரச்சனையே இந்த இடைவெளிலதான் இருக்கு.

ஈஸ்ட்ல நடந்த சாகா கதை

எந்த வழின்னு யோசிக்கறதுக்கு முன்னாடி இந்த ஒரு கதையை முழுசா தெரிஞ்சுக்கங்க, இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

2004ல ஹுயிசிங்காவும் பியூவும் ஈஸ்ட்ல ஒரு கணக்குப் போட்டாங்க. மியூட்டன்ட் ஸ்ட்ரெயின்கள்ல மொத்த எம்ஆர்என்ஏவை மைக்ரோஅரேல (ஒரே நேரத்துல எல்லா ஜீனையும் அளக்கற சிப்) அளந்து பார்த்தா, சுமார் 90% ஜீன் டிஎஃப்டூடியை நம்பி இருக்கு, மிச்சம் 10% சாகாவை நம்பி இருக்குன்னு வந்தது. அந்த 10%ல டாட்டா பாக்ஸ் இருக்கிற, ஸ்ட்ரெஸ் வந்தா கிளம்பற ஜீன்கள் அதிகம். கேக்கவே அழகா இருக்கு இல்லையா, வீட்டு வேலைக்கு ஒரு காம்ப்ளெக்ஸ், அவசரத்துக்கு ஒரு காம்ப்ளெக்ஸ். பத்து வருஷத்துக்கு மேல எல்லாரும் இதைத்தான் பாடமா படிச்சோம்.

2017ல ரெண்டு குரூப், சியாட்டில்ல ஸ்டீவன் ஹான் லேப்பும், பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்துல இருக்கிற டோரா, டெவிஸ் லேப்பும், இதையே வேற மாதிரி அளந்தாங்க. செல்லுக்கு 4-தயோயுராசில் (புது ஆர்என்ஏல மட்டும் அடையாளமா சேர்ற பொருள்) குடுத்து, அந்தச் சில நிமிஷத்துல புதுசா உருவான ஆர்என்ஏவை மட்டும் பிரிச்சு எடுத்துப் பார்த்தாங்க. பார்த்தா கிட்டத்தட்ட எல்லா ஜீனுக்கும் டிஎஃப்டூடி வேணும், சாகா சப்யூனிட்டை டெலீட் பண்ணினாலும் கிட்டத்தட்ட எல்லா ஜீன்லயும் புது ஆர்என்ஏ குறையுது. அப்போ 2004 கணக்குல இது ஏன் தெரியல? ஆர்என்ஏ தயாராகுறது குறைஞ்சா ஈஸ்ட் செல்லு ஆர்என்ஏவை அழிக்கற வேகத்தையும் சேர்த்துக் குறைச்சுடுது, அதனால மொத்த எம்ஆர்என்ஏ பார்க்க ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது. வரவு பாதியா குறைஞ்சும் செலவையும் பாதியாக்கிட்டா பேங்க் பேலன்ஸைப் பார்த்து யாராலயும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது, அதே கணக்குதான்.

கதை அதோட முடியல. 2020ல ஹான் லேப்லயே டெலீஷனை விட்டுட்டு டெக்ரான் வச்சு சாகாவை வேகமா எடுத்துப் பார்த்தாங்க. இப்போ வெறும் 13% ஜீன்ல மட்டும், அதுவும் சுமாராதான் குறையுது. ஆனா சாகாவையும் டிஎஃப்டூடியையும் ஒண்ணா எடுத்தா அந்த 13% சுத்தமா விழுந்துடுது, அதாவது அங்க ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணு தாங்கிக்குது. மிச்சம் 87% டிஎஃப்டூடி போனா போச்சு, சாகா வேகமா போனா கண்டுக்கறதே இல்ல. அப்போ 2017 டெலீஷன்ல எல்லா ஜீனும் ஏன் விழுந்தது? சாகா தலைமுறை தலைமுறையா இல்லாத செல்லுல ஹிஸ்டோன் மாற்றங்கள் எல்லாம் மெதுவா சிதைஞ்சு போயிருக்கு, அந்தச் சிதைவோட விளைவும் அதுல சேர்ந்து தெரிஞ்சிருக்கு.

ஒரே காம்ப்ளெக்ஸ், ஒரே ஈஸ்ட், மூணு தடவை அளந்து மூணு விடை, மூணுமே ஒழுங்கா செஞ்ச வேலை. எடுக்கற வேகமும் அளக்கற ஆர்என்ஏவும் மாற மாற கேள்வியே வேறயா மாறியிருக்கு, அவ்வளவுதான். நீங்க எந்த வழியைத் தேர்ந்தெடுக்கறீங்கங்கறதுல இருந்தே நீங்க எந்தக் கேள்வி கேக்கறீங்கன்னு முடிவாயிடுது.

நாக்அவுட்

ஜீனை வெட்டற கிரிஸ்பர் வந்ததுல இருந்து எல்லாருக்கும் முதல்ல தோணறது இதுதான். ரெண்டு கைடு ஆர்என்ஏ டிசைன் பண்ணு, காஸ்9 போடு, க்ளோன் (ஒரே செல்லுல இருந்து வளர்ந்த கூட்டம்) எடு, முடிஞ்சது. விலை குறைவு, புரோட்டீன் சுத்தமா இருக்காது, வருஷக்கணக்குல அந்த லைன் நிலைச்சு நிக்கும்.

ஆனா டிரான்ஸ்கிரிப்ஷன் காம்ப்ளெக்ஸ்கள்ல நிறைய சப்யூனிட் இல்லாம செல்லு உயிரோடயே இருக்காது. மெட்14, மெட்17 மாதிரி நடு எலும்பா இருக்கிறதை நாக்அவுட் பண்ணப் போனா தட்டுல ஒரு க்ளோனும் மிஞ்சாது, மிஞ்சினா அது சரியா வெட்டாத க்ளோனா இருக்கும், இல்ல ஒரு அல்லீல் (ஜீனோட ஒரு பிரதி) தப்பிச்ச க்ளோனா இருக்கும். உயிர் போகாத சப்யூனிட்லயும் அண்ணன் இல்லைன்னா தம்பி வந்து நிக்கிற கதை இருக்கு: பாஃப்ல எஸ்மார்கா4 போனா எஸ்மார்கா2, ஏரிட்1ஏ போனா ஏரிட்1பி, மீடியேட்டரோட கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டற என்சைம்) பக்கம் சிடிகே8 போனா சிடிகே19. க்ளோன் வளர்ந்து நீங்க ஆர்என்ஏ எடுக்கறதுக்குள்ள பல வாரம் ஓடியிருக்கும், அந்தச் செல்லு புது வாழ்க்கைக்குப் பழகியிருக்கும். நீங்க அளக்கறது காம்ப்ளெக்ஸோட வேலையும் செல்லோட சமாளிப்பும் கலந்த கலவை, ரெண்டையும் பிரிக்க அந்த டேட்டாவுல வழியே இல்ல.

ஆனா ஒரு இடத்துல நாக்அவுட்தான் சரி, அதை யாரும் அலட்சியம் பண்ணக்கூடாது. நோய்லயே அந்த ஜீன் நிரந்தரமா தொலைஞ்சிருந்தா நாக்அவுட்தான் நிஜத்துக்குப் பக்கத்துல இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு வர்ற ராப்டாய்டு கட்டில எஸ்மார்க்பி1 போயிருக்கும், ஓவரியன் க்ளியர் செல் கேன்சர்ல சுமார் பாதி கேஸ்ல ஏரிட்1ஏ கெட்டிருக்கும். அந்தச் செல்லு வருஷக்கணக்கா சமாளிச்சு சமாளிச்சு எப்படி மாறியிருக்குங்கறதுதான் அங்க கேள்வியே. அதை ஒரு மணி நேர டெக்ரான்ல பிடிக்க முடியாது.

ஆர்என்ஏஐ

ஃபயரும் மெல்லோவும் 1998ல காட்டினது, 2006ல மெடிசின் நோபல் வாங்கினது, இன்னிக்கும் எல்லா லேப்லயும் ஃப்ரீசர்ல நாலு எஸ்ஐஆர்என்ஏ (எம்ஆர்என்ஏவைப் பிடிச்சு அழிக்க வைக்கிற குட்டி ஆர்என்ஏ) டியூப் கிடக்கும். ஜீனோமைத் தொட வேண்டாம், அடுத்த வாரமே டேட்டா வரும், ஒரே நேரத்துல ஐம்பது சப்யூனிட்டை சோதிச்சுப் பார்க்கலாம். எந்த சப்யூனிட் மேல வேலை செய்யலாம்னு வடிகட்டறதுக்கு நல்ல வழி.

முடிவான சோதனையா வேண்டாம்னு சொல்லுவேன். எம்ஆர்என்ஏவை அழிக்கலாம், ஏற்கனவே இருக்கிற புரோட்டீன் தானா போற வரைக்கும் காத்துட்டுதான் இருக்கணும். காம்ப்ளெக்ஸுக்குள்ள கட்டுண்டு இருக்கிற சப்யூனிட் தனியா திரியற சப்யூனிட்டைவிட ரொம்ப நேரம் நிலைச்சு நிக்கும், அதனால வெஸ்டர்ன் ப்ளாட்ல (புரோட்டீன் அளவைப் பார்க்கற சோதனை) மொத்த புரோட்டீன் நல்லா குறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் வேலை செய்யற பங்கு அப்படியே மிச்சம் இருக்கலாம். 48 மணி நேரம், 72 மணி நேரம்னு காத்திருக்கறதுக்குள்ள செல்லு சமாளிக்க ஆரம்பிச்சிருக்கும். அதோட எஸ்ஐஆர்என்ஏவோட முன்பக்க ஏழெட்டு எழுத்து வேற எந்த எம்ஆர்என்ஏவோட வாலுல பொருந்தினாலும் அதுவும் கொஞ்சம் குறையும். ஆக மெதுவாவும் வரும், பாதியாவும் வரும், பக்கத்து ஜீனையும் இடிக்கும்.

ஈஸ்ட்காரங்களோட பழைய வழிகள்

டெக்ரான் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஈஸ்ட்ல வேகமா எடுக்கற வழி இருந்தது, டெம்பரேச்சர் சென்சிட்டிவ் மியூட்டன்ட். சூட்டை 37 டிகிரிக்கு ஏத்தினா புரோட்டீன் குலைஞ்சு போகும். ரிச்சர்ட் யங் லேப்ல எஸ்ஆர்பி4ங்கற மீடியேட்டர் சப்யூனிட்டை (இன்னிக்கு நாம மெட்17னு சொல்றது) இப்படித்தான் நிறுத்திப் பார்த்தாங்க, 1998 பேப்பர்ல 93% ஜீன் அதை நம்பி இருக்குன்னு காட்டினாங்க. மீடியேட்டர் ஏதோ சில ஜீனுக்கான உதவியாளர் இல்ல, பொது மெஷினோட பாகம்னு ஆணித்தரமா சொன்ன வேலை அது. குறை என்னன்னா, சூட்டை ஏத்தறதே ஒரு ஹீட் ஷாக், அந்த நேரத்துல ஈஸ்ட்டோட டிரான்ஸ்கிரிப்ஷன் முழுக்க தானாவே கலைஞ்சு போகும். வைல்டு டைப்பையும் அதே சூட்டுல அதே நேரம் வச்சுக் கழிக்கணும், அப்படிக் கழிச்சாலும் ஸ்ட்ரெஸ் ஜீன்கள்ல முழு நம்பிக்கை வைக்க முடியாது.

ஆங்கர் அவே 2008ல லெம்லி லேப்ல இருந்து வந்தது, எனக்கு ரொம்பப் பிடிச்ச டெக்னிக். ரைபோசோம் புரோட்டீன் நியூக்ளியஸுக்குள்ள போய் ரைபோசோமோட வெளிய வந்துட்டே இருக்கும் இல்லையா, அதுல ஒரு கொக்கி மாட்டிட்டு, நமக்கு வேண்டிய புரோட்டீன்ல இன்னொரு கொக்கி மாட்டிட்டு, ராபமைசின் போட்டா ரெண்டும் கோத்துக்கிட்டு நம்ம புரோட்டீனை நியூக்ளியஸை விட்டே இழுத்துட்டுப் போயிடும். புரோட்டீன் அழியறதில்ல, இடம் மாறுது, நிமிஷக் கணக்குல. ராபமைசினால ஈஸ்ட்டே பாதிக்கப்படக் கூடாதுன்னா டோர்1 மியூட்டன்ட்டா இருக்கிற, எஃப்பிஆர்1 எடுத்த ஸ்ட்ரெயின்லதான் செய்யணும், அதை மறந்துட்டு சாதா ஸ்ட்ரெயின்ல டேக் போட்டா டேட்டா முழுக்க, ராபமைசின் அடைக்கிற டோர் பாத்வேயோட (செல் வளர்ச்சியை நடத்துறது) டேட்டாவாதான் இருக்கும். நியூக்ளியஸ்ல மட்டும் வேலை செய்யற காம்ப்ளெக்ஸுக்கு இன்னிக்கும் ஆங்கர் அவே டெக்ரானுக்கு சளைச்சது இல்ல. பட்ஜெட் சின்னதா இருக்கிற லேப்ல, ஒரு ஷேக்கர் இன்குபேட்டரும் ஒய்பிடி மீடியாவும் இருந்தா செய்யக்கூடிய வேலை இது.

இன்ஹிபிட்டர்

வேகம்னு பார்த்தா இதை அடிச்சுக்க ஆள் இல்ல. டேக் போட வேண்டாம், க்ளோன் எடுக்க வேண்டாம், பேஷண்ட் செல்லுல கூட நேரா போடலாம், கழுவிட்டா பெரும்பாலும் திரும்பி வந்துடும். ஆனா மருந்து ஒரு புரோட்டீனோட ஒரு பாக்கெட்டைத்தான் அடைக்குது, புரோட்டீன் அங்கேயே நிக்குது, காம்ப்ளெக்ஸும் அப்படியே கட்டுக்கோப்பா நிக்குது. இதை மனசுல வச்சுக்காம நிறைய பேர் "இன்ஹிபிட்டர் போட்டோம், அந்தப் புரோட்டீன் தேவையில்ல"ன்னு எழுதிடறாங்க.

பிஆர்டி4ஐப் பாருங்க, ஹிஸ்டோன்ல உட்கார்ந்து டிரான்ஸ்கிரிப்ஷனைத் தூண்டற புரோட்டீன் அது. 2010ல வந்த ஜேக்யூ1ங்கற மருந்து, பிஆர்டி4ஓட ப்ரோமோடொமைனை (அசிட்டைலைப் பிடிக்கிற பாகம்) அடைச்சு அசிட்டைல் ஒட்டின ஹிஸ்டோன்ல இருந்து அதைக் கழட்டுது. சில ஜீன், முக்கியமா மிக் மாதிரி பெரிய என்ஹான்சர் வச்சிருக்கிற ஜீன்கள் நல்லா விழுது. உடனே பிஆர்டி4 சில ஜீனுக்கு மட்டும் வேணும்னு ஒரு எண்ணம் பரவிடுச்சு. 2017ல ஜார்ஜ் விண்டரும் கூட இருந்தவங்களும் அதே புரோட்டீனை டிபெட்6ங்கற டிக்ரேடர் வச்சு அழிச்சுப் பார்த்தாங்க, ஜீனோம் முழுக்க பாலிமரேஸ் எலாங்கேஷன் (ஜீன் மேல ஓடறது) சரிஞ்சு போச்சு. 2018ல ஆக்சின் டெக்ரான் போட்டு புது ஆர்என்ஏவை அளந்த இன்னொரு குரூப்பும் பிஆர்டி4 போனா மொத்த டிரான்ஸ்கிரிப்ஷனும் விழும்னு காட்டினாங்க, அதே சோதனைல மிக்கை எடுத்தா சில ஜீன்கள்தான் அசைஞ்சது. ப்ரோமோடொமைன் இல்லாமலும் செய்யக்கூடிய பெரிய வேலை ஒண்ணு பிஆர்டி4க்கு இருக்குங்கறது, இன்ஹிபிட்டரையும் டிக்ரேடரையும் பக்கத்துல பக்கத்துல வச்சப்பதான் தெரிஞ்சது.

இன்னொரு தலைவலி ஸ்பெசிஃபிசிட்டி. டிஎச்இசட்1னு ஒரு மருந்து, டிஎஃப்டூஎச்ல இருக்கிற சிடிகே7ஐ அடைக்கும்னு 2014ல வந்தது, அது சிடிகே12, சிடிகே13ஐயும் பிடிக்கும், அதுங்களும் பாலிமரேஸ் வாலைத்தான் பாஸ்பேட் பண்ணுது. ட்ரிப்டோலைடு டிஎஃப்டூஎச்ஓட எக்ஸ்பிபியை அடைக்கும், ஆனா கொஞ்ச நேரத்துல பாலிமரேஸே அழிய ஆரம்பிச்சுடும். இன்ஹிபிட்டர் வச்சு பேப்பர் எழுதறவங்க அந்த மருந்து ஒட்ட முடியாதபடி மியூட்டேஷன் பண்ணின செல்லு ஒண்ணு வச்சுக்கிட்டா ரிவ்யூவர் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் கையில இருக்கும்.

அப்போ எப்போ இன்ஹிபிட்டர்? உங்க கேள்வி என்சைம் வேலையைப் பத்தினதா இருந்தா. ஏடிபியேஸ் நின்னா என்ன ஆகும்னு பார்க்க பாஃப்ல பிஆர்எம்014 போட்டா திறந்திருந்த என்ஹான்சர்கள் நிமிஷக் கணக்குல மூடிக்குது, அதாவது ஒரு தடவை திறந்து வச்சுட்டு பாஃப் கிளம்பிப் போறதில்ல, தொடர்ந்து தள்ளிட்டே இருக்கணும். இந்த உண்மை வேகமான வழி இல்லாம கண்ணுல பட்டிருக்காது.

டெக்ரான்

2009ல ஜப்பான்ல கனேமாகி லேப் செடிகளோட வழியை எடுத்து ஈஸ்ட்டுக்கும் நம்ம செல்லுக்கும் கொண்டு வந்தாங்க. செடில ஆக்சின் ஹார்மோன் வந்தா டிஐஆர்1ங்கற புரோட்டீன் சில புரோட்டீன்களைப் பிடிச்சு யூபிக்விட்டின்ங்கற அழிவு முத்திரையைப் போட்டு அழிக்கும். நெல்லோட டிஐஆர்1ஐ நம்ம செல்லுல போட்டு, நமக்கு வேண்டிய சப்யூனிட்ல அந்தச் சின்ன டேகை ஒட்டிட்டா, ஆக்சின் விட்ட அரை மணி, ஒரு மணி நேரத்துல சப்யூனிட் காலி. 2018ல வந்த டிடேக்ல நெல்லு புரோட்டீன் வேண்டாம், டேக் மட்டும் போதும், மருந்து செல்லோட சொந்த அழிப்பு மெஷின்ல இருக்கிற செரப்ளானை வச்சே அழிச்சுடும்.

இதுல வந்த முடிவுகளைப் பாருங்க. 2017ல டிஎன்ஏவை லூப்பா வளைக்கிற கோஹெசின் காம்ப்ளெக்ஸோட ராட்21ஐ எச்சிடி116ங்கற கேன்சர் செல்லுல எடுத்தப்போ ஜீனோம்ல இருந்த லூப் டொமைன் எல்லாம் கரைஞ்சு போச்சு, ஆனா ஆறு மணி நேரத்துல பெரிசா மாறின ஜீன்கள் கொஞ்சம்தான். மீடியேட்டர்ல மெட்14ஐ எடுத்தப்போ, செல்லோட அடையாளத்தையே தாங்கற, பெரிய என்ஹான்சர் வச்சிருக்கிற ஜீன்கள் பொத்துன்னு விழுது, மிச்ச ஜீன்கள்ல பாலிமரேஸ் குறைஞ்சாலும் நின்னுட்டிருக்கிற பாலிமரேஸை ஓட விடற சிடிகே9 பக்கம் கதவு அகலமா திறந்து ஈடு கட்டுது. இந்த ஈடு கட்டலே சில மணி நேரத்துல நடக்குது! ரெண்டு நாள் காத்திருந்தா என்ன மிஞ்சும்னு யோசிச்சுக்கங்க.

நடைமுறைல கஷ்டம் எங்க வரும்னா, டேகை எல்லா அல்லீல்லயும் போட்டாகணும். ஜெனோடைப்பிங் ஜெல்லுல மேல டேக் போட்ட பேண்டும் கீழ மெலிசா பழைய பேண்டும் தெரிஞ்சா அந்த க்ளோனைத் தூக்கிப் போட மனசு வராது, ஆனா தூக்கிப் போட்டே ஆகணும், ஒரு அல்லீல் டேக் இல்லாம இருந்தா மருந்து போட்டாலும் பாதி புரோட்டீன் ஜம்முனு உட்கார்ந்திருக்கும். டேக் எந்த முனைல போடறதுங்கறதுக்கு முன்னாடி க்ரையோஈஎம் ஸ்ட்ரக்சரைத் திறந்து பாருங்க, காம்ப்ளெக்ஸுக்குள்ள புதைஞ்சிருக்கிற முனைல போட்டா சப்யூனிட் உள்ளயே சேராது.

அடுத்தது கசிவு. முதல் தலைமுறை ஆக்சின் சிஸ்டத்துல ஆக்சின் போடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுட்டு இருக்கும். வெஸ்டர்ன்ல வரிசையா டேக் இல்லாத அம்மா லைன், டேக் போட்டு மருந்து போடாத லைன், அப்புறம் 30 நிமிஷம், 1 மணி, 2 மணின்னு ஓட்டுங்க. முதல் ரெண்டு லேனையும் கண்ணை நல்லா வச்சுப் பாருங்க. ரெண்டாவது லேன்ல பேண்டு முதல் லேனைவிடத் தெளிவா மெலிஞ்சிருந்தா, அந்தச் செல்லு மாசக்கணக்கா பாதிப் பட்டினில வளர்ந்த செல்லு, நாக்அவுட்ல சொன்ன பிரச்சனை அத்தனையும் சத்தமில்லாம உள்ள வந்தாச்சு. நிறைய பேப்பர்ல அம்மா லைன் லேனே இருக்காது, அதைப் பார்த்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு, அவ்வளவு உழைப்பு போட்டுட்டு அந்த ஒரு லேனை விட்டுடறாங்க. 2020ல வந்த, ஆக்சின் சிஸ்டத்தோட அடுத்த தலைமுறையான ஏஐடி2ல மாத்தின டிஐஆர்1ஐயும் மாத்தின ஆக்சினையும் சேர்த்து கசிவை ரொம்பக் குறைச்சுட்டாங்க, மருந்தும் நூத்துக்கணக்கான மடங்கு குறைவா போதும். இன்னிக்குப் புதுசா ஆரம்பிக்கறவங்க ஏஐடி2 இல்ல டிடேக், ரெண்டுல ஒண்ணுக்குப் போங்க, பழைய ப்ளாஸ்மிட் ஃப்ரீசர்ல சும்மா கிடக்குதேன்னு எடுக்காதீங்க.

மருந்தைத் தனியா அம்மா லைன்ல போட்டும் ஆர்என்ஏ அளக்கணும். டிடேக் மருந்து செரப்ளானைப் பிடிக்கிற மருந்து, அது தானா என்ன பண்ணுதுன்னு தெரியாம கழிக்க முடியாது. அப்புறம் மாசம். டேக் போட்டு, க்ளோன் எடுத்து, சரி பார்த்து, கையில வர்றதுக்கு சுலபமா மூணு மாசம், செல் லைன் முரண்டு பிடிச்சா இன்னும் மேல. ரெண்டு வருஷ ஃபெலோஷிப்ல இருக்கிறவங்க இதைக் கணக்குல எடுக்கணும். ஆனா அந்த மூணு மாசத்துக்கு பயந்து எஸ்ஐஆர்என்ஏக்குப் போனா கடைசி வருஷத்துல ரிவ்யூவர் "இது நேரடி விளைவுதானா"ன்னு கேக்கறப்போ அதே மூணு மாசம் இன்னும் கசப்பா செலவாகும்.

எடுத்தாச்சு, எப்படி அளக்கறது

டெக்ரான் போட்டுட்டு சாதா ஆர்என்ஏ சீக்வென்சிங் பண்றது பாதி வேலை. எம்ஆர்என்ஏக்களோட ஆயுசு மணிக்கணக்குல இருக்கும், ஒரு மணி நேரத்துல டிரான்ஸ்கிரிப்ஷன் முழுசா நின்னாலும் ஆயுசு கெட்டியான எம்ஆர்என்ஏல மாற்றமே தெரியாது. அதனால புது ஆர்என்ஏவை மட்டும் அளக்கற ஸ்லாம் சீக், டிடி சீக், ப்ரோ சீக், ஏதோ ஒண்ணு. ஆரம்பிக்கறவங்களுக்கு ஸ்லாம் சீக் சுலபம், 4-தயோயுரிடின் போட்டு, கெமிக்கல் ட்ரீட்மென்ட் குடுத்தா புது ஆர்என்ஏல டி இருக்க வேண்டிய இடத்துல சி வரும், தனியா இழுத்துப் பிரிக்க வேண்டாம். பாலிமரேஸ் ப்ரோமோட்டர்ல நின்னுட்டிருக்கா, ஓடுதான்னு இடம் இடமா பார்க்கணும்னா ப்ரோ சீக், கை சுத்தமா வேலை செய்யறவங்க வேணும்.

ஸ்பைக் இன் (அளவு தெரிஞ்சு வெளில இருந்து கலக்கற ஒப்பீட்டுப் பொருள்) இல்லாம எதையும் ஆரம்பிக்காதீங்க. சீக்வென்சிங் மெஷின் விகிதத்தைத்தான் சொல்லும், எல்லா ஜீனும் சமமா பாதி ஆனா நார்மலைஸ் பண்ணினதும் எதுவுமே மாறாத மாதிரி வரும், பாதிக்கும் குறைவா விழுந்த ஜீன்கள் ஏறின மாதிரி கூட வரும். யங் லேப் 2012லயே இதை விலாவாரியா எழுதிட்டாங்க. பொது மெஷினையே கை வைக்கிற நமக்கு இது உயிர் நாடி. செல்லு எண்ணிக்கையை எண்ணி, வேற உயிரினத்தோட செல்லை (மனுஷ செல்லுக்கு ட்ரோசோஃபிலா, சாதா ஈஸ்ட்டுக்கு எஸ். பாம்பிங்கற வேற இன ஈஸ்ட்) ஆரம்பத்துலயே கலந்துடுங்க, ஆர்என்ஏ எடுத்ததுக்கு அப்புறம் கலந்தா எடுக்கறப்போ நடந்த இழப்பு கணக்குல வராது.

சரி, எதை எடுக்கறது

காம்ப்ளெக்ஸ் நேரடியா எந்த ஜீனை நடத்துதுன்னா: மனுஷ செல்லுக்கு டெக்ரானும் ஸ்லாம் சீக்கும், ஈஸ்ட்டுக்கு டெக்ரான் இல்ல ஆங்கர் அவே கூட தயோயுராசில். வேற பேச்சே இல்ல. காசும் காலமும் இறுக்கமா இருந்தா கேள்வியை ஈஸ்ட்டுக்கு மாத்த முடியுமான்னு கைடுகிட்ட பேசுங்க, மீடியேட்டர், சாகா, டிஎஃப்டூடி மூணும் ஈஸ்ட்ல இருந்து மனுஷன் வரைக்கும் மாறாம வந்திருக்கு, ஆனா தூரத்து என்ஹான்சர் கேள்வியை ஈஸ்ட்ல கேக்க முடியாது.

ஹிஸ்டோன் மார்க் பத்தின கேள்வின்னா அவசரப்படாதீங்க. ஹிஸ்டோன்ல மெத்தில் ஒட்டற பிஆர்சி2 காம்ப்ளெக்ஸ்ல ஈஇசட்எச்2ஐ ஒரு மணி நேரத்துல எடுத்தாலும் அது ஏற்கனவே போட்டு வச்ச மெத்தில் மார்க், செல்லு பிரியப் பிரியத்தான் நீர்த்துப் போகும், நாள்கணக்குல. டாசெமெடோஸ்டாட்னு ஒரு ஈஇசட்எச்2 இன்ஹிபிட்டர் 2020ல எபிதீலியாய்டு சார்கோமாவுக்கு அமெரிக்கால அப்ரூவல் வாங்கினது, அதைக் கல்ச்சர்ல போட்டாலும் பல நாள் காத்திருந்துதான் விளைவைப் பார்க்கறாங்க. இங்க வேகமான எடுப்பு வாங்கித் தர்றது கொஞ்சம்தான், நல்ல இன்ஹிபிட்டரே போதும், கூட மார்க் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு நாள்வாரியா வெஸ்டர்ன் ஓட்டுங்க.

மியூட்டேஷன் பத்தின கேள்வின்னா இன்னும் கவனம். கர்ப்பப்பை ஃபைப்ராய்டு கட்டிகள்ல சுமார் 70%ல மெட்12 மியூட்டேஷன் இருக்குன்னு 2011ல ஃபின்லாந்துல இருந்து பேப்பர் வந்தது, பெரும்பாலும் ரெண்டாவது எக்ஸான்ல, அதுலயும் 44வது அமினோ அமிலம் அடிக்கடி. அந்தக் கட்டில மெட்12 தொலைஞ்சு போகல, இருக்கு, மீடியேட்டர்லயும் சேருது, ஆனா சிடிகே8ஐ ஒழுங்கா கிளப்பி விட முடியல. இதை மெட்12 நாக்அவுட் பண்ணியோ டெக்ரான் போட்டோ படிச்சா வேற நோயைப் படிச்ச மாதிரி ஆயிடும். ரெண்டே வழிதான்: அந்த ஒரு எழுத்தை மட்டும் மாத்தற நாக்இன், இல்லைன்னா டெக்ரான் போட்டு சொந்த மெட்12ஐ எடுத்துட்டு, அந்த இடத்துல டேக் இல்லாத வைல்டு டைப்பையும் மியூட்டன்ட்டையும் தனித்தனியா குடுத்துப் பார்க்கறது. ரெண்டாவதுல ஒரே செல்லுல வைல்டு டைப், மியூட்டன்ட், ஒண்ணுமே இல்லாததுன்னு மூணையும் பக்கத்துல வச்சு அளக்கலாம், அதனால நான் அதுக்குத்தான் போவேன். ஆனா அந்த ரெஸ்க்யூ கன்ஸ்ட்ரக்ட்களை டேக் போட ஆரம்பிக்கற அன்னிக்கே க்ளோனிங்ல போட்டுடுங்க, மெட்12 ரெண்டாயிரம் அமினோ அமிலத்துக்கு மேல போற பெரிய புரோட்டீன், லைன் ரெடியானதுக்கு அப்புறம் ஆரம்பிச்சா இன்னும் ரெண்டு மாசம் சும்மா போயிடும்.